இலங்கை அரசாங்க இலிகிதர்: தொழிலும் வரலாறும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் வாயிலே நெடுங்காலம் வழங்கிவந்த பழமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நாட்டார் நாவிலே திரிந்து "கோறணமேந்து" ஆயிற்று. இப்பழமொழியை எடுத்துக்காட்டி யாழ்ப்பாணத்தாரின் உத்தியோக மோகத்தை நகையாடினோர் பலர். ஆயின், அவ்வுத்தியோகத்திலே அமர்ந்தவர் காலை முதல் மாலை வரை மேசைமுன் இருந்து செய்ததுதான் யாது, அதற்கு அவர் எத்தகைய பயிற்சி பெற்றிருக்க வேண்டியிருந்தது என்பவற்றை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. தேசாதிபதிகளின் ஆட்சிக்காலங்களை வரிசையாகக் கூறும் நூல்கள் உள. அத்தேசாதிபதிகளின் கட்டளை ஒவ்வொன்றையும் பிரதிசெய்து, இலக்கமிட்டு, ஒப்புநோக்கி, உரிய இடத்துக்கு அனுப்பிய கையைப் பற்றி அந்நூல்கள் பேசுவதில்லை. அக்கைக்குரியவரே இலிகிதர். பிற்காலத்திலே எழுதுவினைஞர் என்றும், பேச்சுவழக்கிலே கிளாக்கர் என்றும் வழங்கப்பட்டவர் அவரே.

எழுத்துவேலை ஆங்கிலேயரோடு இந்நாட்டுக்கு வந்ததன்று. ஓலையும் எழுத்தாணியும் கொண்டு நிலவரியையும் நெல்வருமானத்தையும் எழுதிவைத்த கணக்கர் தமிழரசர் காலத்திலும் இருந்தனர். யாழ்ப்பாண இராச்சியம் 1619இலே போர்த்துக்கேயர் வசமான பின்னர், நிலங்களையும் அவற்றுக்கு உரியோரையும் அவர்கள் செலுத்தவேண்டிய இறையையும் பதியும் தோம்பு என்னும் ஏடு இங்கு எழுந்தது. 1645ஆம் ஆண்டுக்குரிய யாழ்ப்பாணத் தோம்பு வரலாற்று மாணவர் அறிந்ததொன்று. 1658இலே கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதே வழக்கத்தைக் கைக்கொண்டு, தம் வணிகக் கழகத்துக்கே உரிய கண்டிப்போடு வளர்த்தனர். யாழ்ப்பாணத்திலே திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706-07இலே இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டித் தேசவழமையை எழுதியபோது, அதன் தமிழ் மொழிபெயர்ப்பைப் பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். பார்வையிட்டவரைப் பற்றி வரலாறு கூறுகின்றது. அவர்கள் பார்வையிடும்பொருட்டுப் படியெழுதியவர் யாரெனக் கேட்பார் இல்லை. இலிகிதருடைய தொழிலின் இயல்பே அதுவாகும்.

ஆங்கிலேயர் 1795இலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்களோடு "கச்சேரி" என்னும் வட இந்தியச் சொல்லும் வந்து சேர்ந்தது. இசையரங்கைக் குறிக்கும் அதே சொல் இங்கே அரசாங்க ஏசண்டரின் காரியாலயத்தைக் குறித்தது. முதற் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கச்சேரியின் உயர்பதவிகள் ஆங்கிலேயருக்கே உரியனவாயிருந்தன. கோல்புறூக், கமறன் என்போரின் விதப்புரைகளின் பயனாக 1833இலே செய்யப்பட்ட சீர்திருத்தங்கள் இந்நாட்டவருக்கும் சிவில் சேவையின் வாயிலைத் திறந்தன. திறந்த வாயிலால் மேன்மாடம் ஏறினோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. போட்டிப் பரீட்சை வாயிலாகச் சிவில் சேவையிலே முதன்முதற் புகுந்த இலங்கையர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். அது நிகழ்ந்தது 1875இலே, அஃதாவது வாயில் திறந்து நாற்பத்திரண்டு ஆண்டு கழிந்த பின்னராகும். ஏனையோருக்குக் கிடைத்தது கீழ்மாடம், அதாவது எழுத்துமேசை. நிருவாகம் ஆங்கிலத்தில் நடந்தது. நாட்டின் மூலைமுடுக்கிலுள்ள கச்சேரிக்கெல்லாம் இங்கிலாந்திலிருந்து எழுதுவோரைக் கொணர்தல் இயலாது. ஆதலால் ஆங்கிலம் எழுதவல்ல சுதேசிகள் வேண்டப்பட்டனர்.

அவர்களை ஆக்கியளித்தவை பாடசாலைகள். அவற்றுள்ளும் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் 1823இலே தாபித்த செமினறியின் கதை நோக்கத்தக்கது. கணிதம், வானசாத்திரம், தமிழ் இலக்கியம், ஆங்கிலம் என உயர்ந்த பாடங்களைப் பயிற்றிய அக்கலாசாலை 1855இலே மூடப்பட்டது. மூடியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானது, மாணவர் ஆங்கிலத்தைக் கற்றது சமயப்பணிக்கன்று, உத்தியோகத்துக்கே என்பதாகும். சுவிசேஷகரை உருவாக்க எண்ணித் தொடங்கிய இடம் இலிகிதரை உருவாக்கி முடிந்தது. மிஷனரிமார் கண்டதிற் பிழையில்லை. ஆனால், மழையை நம்பிய புலமும், கிணற்றுநீர் இறைத்துச் செய்யும் தோட்டமும், பிள்ளைகள்தோறும் பங்கிடப்பட்டுச் சுருங்கிவந்த காணியும் உடைய ஒரு சமூகத்துக்கு மாதந்தோறும் தவறாது வரும் சம்பளம் எத்தகைய பொருளுடையதென்பதை அவர்கள் முற்றாக உணர்ந்திருந்தனரோ என்பது ஐயத்துக்குரியது. மதம் மாறாமல் ஆங்கிலம் கற்கவேண்டும் என்னும் சைவப் பெற்றாரின் வேட்கை, பின்னாளில் இந்துக் கல்லூரிகள் தோன்றுதற்கு ஒரு காரணமாயிற்று. 1890இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றமை இவ்வேட்கையோடு தொடர்புடையதே.

செமினறியிற் பயின்றோருள் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857இலே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் அவர் ஒருவர். மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை சென்னை அரசாங்கத்தின் கணக்குச்சாலையிற் பணியாற்றியவாறே ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். கணக்கேட்டின் ஒரு தொகையை இன்னொரு தொகையோடு ஒப்பிடுதலும், ஒரு சுவடியின் பாடத்தை மற்றொரு சுவடியின் பாடத்தோடு ஒப்பிடுதலும் வெவ்வேறு தொழில்களே. எனினும் இரண்டுக்கும் வேண்டிய கண் ஒன்றே.

இனி, இலிகிதரின் நாளாந்தக் கருமங்களை நோக்குவாம். காரியாலயத்துக்கு வரும் கடிதம் முதலிலே உள்வரு பதிவேட்டிற் பதியப்படும். வந்த திகதி, அனுப்பியவர், பொருள், தொடர் இலக்கம் என்பன அங்கே எழுதப்படும். பின்னர் அது, அப்பொருளுக்குரிய கோவையிலே சேர்க்கப்பட்டு, பக்க இலக்கம் சிவப்பு மையால் இடப்பட்டு, விடயத்துக்குப் பொறுப்பான இலிகிதரின் மேசைக்கு வரும். இங்கேதான் அவருடைய திறமை தொடங்குகின்றது. கடிதத்தைப் படித்து அதன் சாரத்தை இரண்டொரு வசனத்திலே தரல் வேண்டும். இதேபோன்ற விடயம் முன்னர் எழுந்ததா, எழுந்திருப்பின் அக்காலை எடுத்த தீர்மானம் யாது என்பதைப் பழைய கோவைகளிலிருந்து கண்டெடுத்தல் வேண்டும். பொருத்தமான விதியை நிதிப்பிரமாணத்திலோ தாபனக்கோவையிலோ சுட்டிக்காட்டல் வேண்டும். இவையெல்லாவற்றையும் கோவையின் இடப்புறத்திலே குறிப்பாக எழுதித் தலைமை இலிகிதர் வழியாகப் பதவிநிலை உத்தியோகத்தருக்குச் சமர்ப்பிப்பார். துரை அதன்கீழே தம் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இட்டு ஒப்புவார். சில வேளைகளில் "பேசுக" என ஒரு சொல் எழுதித் திருப்புவார். அச்சொல்லைக் கண்ட இளைய இலிகிதர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு துரையின் அறைக்குச் செல்வார்.

தீர்மானம் ஆனபின் கடிதநகல் வரைதல் வேண்டும். ஆங்கில அரசாங்கக் கடிதத்துக்கென ஒரு நடை இருந்தது. இன்ன இலக்கமும் இன்ன திகதியும் கொண்ட தங்கள் கடிதம் குறித்து அறிவிக்கும் கௌரவமுடையேன் எனத் தொடங்கித் தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என முடியும் அந்நடையிலே, ஒரு மனுவை மறுப்பதும் மரியாதையோடே செய்யப்பட்டது. அந்நடையை இலிகிதர் இலக்கண நூலிலே கற்றவரல்லர். பழைய கோவைகளைப் புரட்டிப் புரட்டியே கற்றார். புதிதாகச் சேர்ந்தவரை முதல் ஆறு மாதம் பதிவறையிலே விடுதல் நல்ல பயிற்சி என மூத்த தலைமை இலிகிதர்கள் கருதினர். தூசும் பாச்சைப்பூச்சியும் நிறைந்த அவ்வறையிலே காணாமற்போன ஒரு கோவையை ஒரு நாள் முழுதும் தேடிக் கண்டவனுக்கு, கோவையை உரிய இடத்திலே வைத்தலின் அருமையை எவரும் பின்னர் எடுத்துரைக்கவேண்டுவதில்லை.

மறுமொழி வரவேண்டிய கோவைகளுக்குத் திகதி குறித்து நாட்குறிப்பேட்டிற் பதிந்து, அந்நாளிலே அவற்றை மீண்டும் மேசைக்கு எடுத்தல் மற்றொரு கடமை. ஏழையொருவனின் மனு ஆண்டுக்கணக்காகக் கிடந்து மக்கியதாயின் அதற்குப் பெரும்பாலும் துரையின் கொடுமை காரணமன்று. நாட்குறிப்பேட்டிலே ஒரு வரி எழுதப்படாமையே காரணமாகும். இவற்றோடு சம்பளப் பட்டியல் ஆயத்தஞ்செய்தல், வவுச்சர்களைச் சரிபார்த்தல், எழுதுபொருள் இருப்பைப் பேணல் முதலியனவும் இருந்தன. காசு கையாளும் சிறாப்பரோ தம் நேர்மைக்குப் பிணைகொடுத்த பின்னரே பெட்டகத்தின் திறவுகோலைப் பெறுவார். மாலையிற் கணக்குச் சதம் பிசகாது ஒத்துவரும்வரை வீடு செல்லார்.

எழுத்துப் பிழையொன்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு யாழ்ப்பாணத்துக் காணிக் கணக்கே சான்று. இங்கு நிலத்தைப் பரப்பு அல்லது இலாச்சம் என அளப்பர். வரகு விளைநிலக் கணக்கிலே 18 குழி கொண்டது ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் விளைநிலக் கணக்கிலோ 12 குழியே ஒரு பரப்பு. 24 பரப்புச் சேர்ந்தே ஓர் ஏக்கராகும். ஆகவே உறுதியிலே "பரப்பு 8" என்று மட்டும் எழுதி, அது வரகுக் கணக்கோ நெற்கணக்கோ என்பதைக் குறிக்கும் இரண்டெழுத்தைப் படியெடுப்பவர் விட்டுவிட்டால், அரை ஏக்கர் நிலம் மூன்றிலொரு ஏக்கராகச் சுருங்கலாம். வேலிக்காக வழக்காடும் நாட்டிலே மூன்றிலொரு பங்கு நிலம் எத்தனை தலைமுறைப் பகைக்குப் போதும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. இவ்வகைப் பிழைகளைத் தடுப்பதற்கே, படியெடுத்த பத்திரத்தை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மூலத்தைப் பார்த்து ஒப்புநோக்கி, இருவரும் கையொப்பமிடும் வழக்கம் ஏற்பட்டது.

கையெழுத்து அக்காலத்திலே ஒரு கல்வியாகவே கருதப்பட்டது. இரட்டைக் கோட்டுக் கொப்பியிலே சிறுவர் நாள்தோறும் எழுதிப் பழகியது அழகுக்காக மட்டுமன்று. இறகு அல்லது உருக்குமுனைப் பேனாவை மையிலே தோய்த்து, கறைபடாமல், ஒரே சீராக, அடித்தலும் திருத்தலுமின்றி ஒரு பக்கத்தை எழுதிமுடிப்பவனே கச்சேரிக்கு வேண்டியவன். பிரதி வேண்டுமாயின் மீண்டும் முழுவதையும் எழுதவேண்டும். நகலெடுக்கும் அழுத்துபொறி வந்தபின் இப்பாரம் சிறிது குறைந்தது. விசேடமான மையால் எழுதிய கடிதத்தை ஈரமான மெல்லிய தாளோடு சேர்த்து இரும்புப்பொறியில் இறுக அழுத்த, எழுத்தின் சாயல் தாளிலே பதியும். அவ்விதம் பதிந்த மங்கலான நீலத் தாள்களைப் படிப்போருக்கு இன்றும் கண் நோகும்.

இந்நிலையை முற்றாக மாற்றியது தட்டெழுத்துப் பொறி. அமெரிக்காவிலே சோல்ஸ் என்பவர் ஏனையோருடன் சேர்ந்து 1868இலே உரிமைபெற்ற பொறியை, துப்பாக்கியும் தையற்பொறியும் செய்துவந்த றெமிங்டன் நிறுவனத்தார் 1874இலே விற்பனைக்குக் கொணர்ந்தனர். முதற்பொறி பெரிய எழுத்துக்களை மட்டுமே அடித்தது. 1878இலே வந்த இரண்டாம் பொறியே சிறிய எழுத்துக்களையும் தந்தது. காலப்போக்கிலே இப்பொறி குடியேற்ற நாட்டுக் காரியாலயங்களிலெல்லாம் இடம்பிடித்தது. கையெழுத்தின் மதிப்பு மெல்லமெல்லத் தாழ்ந்தது. அதனிடத்திலே வேறொரு திறமை வந்தது. விசைகளை நோக்காது, நகலிலேயே கண்வைத்துப் பத்து விரலாலும் அடித்தல் வேண்டும். துரைமாரின் கோணற்கையெழுத்தை வாசித்தறிதல் வேண்டும். கடிதத்தின் நீளத்தை முன்னரே மதிப்பிட்டு ஓரம் விடல் வேண்டும். அட்டவணையாயின் ஒவ்வொரு பத்தியின் அகலத்தையும் எண்ணிப் பார்த்து நிறுத்தங்களை அமைத்தல் வேண்டும். காபன் தாள் வைத்து நான்கைந்து பிரதி எடுக்கும்போது ஒரெழுத்துத் தவறின், ஒவ்வொரு பிரதியையும் தனித்தனி அழித்துத் திருத்தல் வேண்டும். சுற்றுநிருபமாயின் மெழுகுத்தாளிலே நாடாவின்றி வெட்டி, தவறிய இடத்தை அதற்குரிய திரவத்தாற் பூசி மூடி, அதன்மேல் மீண்டும் அடித்து, உருளச்சுப்பொறியிலே நூற்றுக்கணக்கிற் பிரதி எடுத்தல் வேண்டும்.

இத்தொழிலைத் "தட்டும் வேலை" எனத் தாழ்வாகப் பேசியோர் அக்காலத்திலும் உளர். பிட்மன் 1837இலே வெளியிட்ட சுருக்கெழுத்தையும் தட்டெழுத்தையும் ஒருங்கு கற்றவர் துரையின் அந்தரங்க இலிகிதராகலாம். தட்டெழுத்தை மட்டும் கற்றவர் தட்டெழுத்தாளராகவே இளைப்பாறுவார். பொது இலிகிதர் சேவையில் உள்ளவருக்கு உரிய பதவியுயர்வு அவருக்கு எளிதிற் கிட்டுவதில்லை. ஆயினும் ஒரு காரியாலயத்திலிருந்து வெளிச்செல்லும் ஒவ்வொரு கடிதமும் அவர் விரலைக் கடந்தே சென்றது. நல்ல தட்டெழுத்தாளர் நகலிலுள்ள பிழையைக் கண்டு, அடிக்குமுன் சென்று கேட்பார். கேளாது அப்படியே அடித்தவர் குற்றவாளியல்லர். ஆனால் அவருக்கும் கேட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பரீட்சையும் அளந்ததில்லை.

ஆங்கிலப் பொறிக்கு 26 எழுத்துக்கள் போதும். தமிழுக்கோ உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247. விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. ஒரு விசைக்கு இரண்டு எழுத்தாக வைப்பினும் நூற்றை எட்டா. இச்சிக்கலைத் தீர்த்தவருள் முதல்வராகக் கொள்ளப்படுபவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குழியிற் பிறந்து, 1907இலே மலாயா நாடு சென்று அங்கு வணிக நிறுவனமொன்றிற் பணியாற்றிய இ. முத்தையா. தமிழெழுத்துக்களின் பொதுவான உறுப்புக்களைப் பிரித்தெடுத்து, குற்றும் கொம்பும் காலும் விசிறியும் தனித்தனி விசைகளில் அமையுமாறு அவர் வகுத்தார். அவருடைய நுட்பத்தின் உயிர்நிலை நகரா விசை எனப்படுவது. பிற விசைகளை அழுத்தினால் தாள் ஓரிடம் நகரும். இவ்விசையை அழுத்தினால் நகராது. எனவே முதலிற் புள்ளியை அடித்து, அதே இடத்தில் அதன்கீழே ககரத்தை அடிக்கக் "க்" உருவாகும். கையால் எழுதும்போது எழுத்து முன்னும் புள்ளி பின்னுமாக வரும். பொறியிலோ புள்ளி முந்தி எழுத்துப் பிந்தும். இம்மாற்றத்தை விரலுக்குப் பழக்குதலே தமிழ்த் தட்டெழுத்துப் பயில்வோனின் முதற் பாடமாயிற்று. முத்தையா வகுத்த முறையிலே ஜெர்மனியின் சைடல் நவுமான் நிறுவனத்தார் தமிழ்ப் பொறிகளைச் செய்துகொடுத்தனர். தமிழிலே தட்டெழுத இயலாது என்னும் சாட்டு அன்றே இல்லாதொழிந்தது. இருந்தும் யாழ்ப்பாணக் கச்சேரியிலே ஆங்கிலப் பொறியே தொடர்ந்து ஒலித்தது. தமிழ் மட்டுமே அறிந்த கமக்காரனுக்குத் தமிழறிந்த இலிகிதர், தமிழறிந்த துரைக்கு ஆங்கிலத்திற் குறிப்பெழுதி, ஆங்கிலத்தில் விடையனுப்பினார். அவ்விடையை வாசித்துக் காட்டுதற்குக் கமக்காரன் இன்னொருவரைத் தேடிச் சென்றான். இதன் விபரீதத்தை அக்காலத்து இலிகிதரிற் பலர் உணர்ந்திலர் என்பது வருந்தத்தக்கதே.

முத்தையா மலாயா சென்றது தனி நிகழ்ச்சியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மலாயாவிற் புகையிரதப் பாதையும் நில அளவையும் விரிந்தபோது, ஆங்கிலமறிந்த யாழ்ப்பாண இளைஞர் நூற்றுக்கணக்கிற் கப்பலேறினர். தென்னிலங்கையிலே வேலைபெற்றோருக்கு 1905இலே நிறைவெய்திய வடபகுதிப் புகையிரதப் பாதை வீட்டையும் காரியாலயத்தையும் இணைத்தது. மணமாகாத இலிகிதர் பலர் ஒன்றுசேர்ந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமையற்காரன் ஒருவனையும் வைத்து வாழும் "சமறி" வாழ்க்கை இவ்வாறு எழுந்தது. மாதமுதலிலே மணியோடர் வடக்கு நோக்கிச் சென்றது. விடுமுறைக்கு இரவு மெயிலில் இலிகிதரும் சென்றார். அம்மணியோடராற் கட்டப்பட்ட கல்வீடுகளும், மதிலெழுந்த கோயில்களும், மாடியேறிய பாடசாலைகளும் யாழ்ப்பாணத்துக் கிராமங்கள்தோறும் உள்ளன. சீதனச் சந்தையிலே அரசாங்க இலிகிதருக்கு ஏற்பட்ட விலையும் இதன் விளைவே. 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தாற் கணவனை இழந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உறுதியானமையின், பெண்ணைப் பெற்றோர் அவ்வேலையைக் காணியினும் பெரிதாக மதித்தமை இயல்பே.

வெளியிலிருந்து நோக்குவோருக்கு நிழல்போலத் தோன்றிய இவ்வுத்தியோகம் உள்ளே கட்டுப்பாடு மிக்கது. காலையிலே வரவுப் பதிவேட்டிற் குறித்த நேரம் கடந்ததும் தலைமை இலிகிதர் சிவப்புக் கோடு இழுப்பார். அக்கோட்டின்கீழே பெயரெழுதுவோர் காரணம் சொல்லவேண்டும். குறித்த ஆண்டுகளுக்குள் வினைத்திறமைத் தடைதாண்டற் பரீட்சையிலே தேறாதவரின் சம்பளம் அவ்விடத்திலேயே நின்றுவிடும். அரசியலிலே ஈடுபடலாகாது, மேடையிற் பேசலாகாது. இக்கட்டுப்பாடுகளுக்கெதிராக எழுந்தது 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தம். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தார் தொழிற்சங்க உரிமையையும் அரசியலுரிமையையும் வேண்டிப் பிற தொழிலாளரோடு சேர்ந்து வேலையை நிறுத்தினர். அவ்வாண்டு யூன் 5ஆம் திகதி கொழும்பிலே ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதனாற் கந்தசாமி என்னும் இலிகிதர் உயிரிழந்தார். பேனாவன்றி வேறு கருவி ஏந்தியறியாத ஒரு வகுப்பாரிலிருந்து தெருவிலே விழுந்த முதற் பலி அவர். சங்கத்தின் தலைவராயிருந்த ரி. பி. இலங்கரத்தின வேலையை இழந்தார். பின்னர்ப் பாராளுமன்றம் புகுந்து 1956இலே அமைச்சரானார். கந்தசாமி தமிழர், இலங்கரத்தின சிங்களவர். அக்காலத்துச் சங்கத்திலே அவ்வேறுபாடு பேசப்படவில்லை.

பேசப்படும் காலம் ஒன்பது ஆண்டிலே வந்தது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. உடனடியாக மாற்றுதல் இயலாத கருமங்களிலே பழைய மொழியை 1960 டிசம்பர் 31 வரை தொடரலாமென அச்சட்டம் இடமளித்தது. அன்றுவரை ஆங்கிலத்தாற் சமநிலையிலிருந்த தமிழ் இலிகிதரும் சிங்கள இலிகிதரும் அத்திகதியுடன் சமநிலையிழந்தனர். இருபது ஆண்டு குறிப்பெழுதிப் பழகிய கை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணாக்கனின் கையாயிற்று. சிலர் மாலை வகுப்புக்களுக்குச் சென்று சிங்களம் கற்றனர். சிலர் காலத்துக்குமுன் ஓய்வுபெற்றனர். சிலர் கற்க மறுத்தனர். மூவகையினரையும் அவரவர் குடும்பநிலை அறியாது குறைகூறுதல் முறையன்று. 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே தமிழரசுக் கட்சியார் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஏப்ரலிலே அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்படும்வரை நீடித்தது. இலிகிதர் நாள்தோறும் நுழைந்த வாயில் அடைபட்டு, உள்ளே கோவைகள் அசையாது கிடந்தன.

மறுத்தோருள் ஒருவர் செ. கோடீஸ்வரன். 1952இலே பொது எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்து 1959இலே நிருவாக எழுதுவினைஞர் வகுப்புக்கு உயர்ந்தவர். 1961 டிசம்பரிலே திறைசேரி வெளியிட்ட 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம், குறித்த சிங்களப் பரீட்சையிலே தேறாதவரின் சம்பளவுயர்ச்சியை நிறுத்துமாறு பணித்தது. அதன்படி 1962இலே அவருக்குரிய உயர்ச்சி நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்ட தொகை சிறியது. அதற்காக அவர் சட்டமா அதிபர்மீது கொழும்பு மாவட்ட நீதிமன்றிலே வழக்குத் தொடுத்தார். இலிகிதரொருவர் தாம் பலமுறை தம் கையாற் பதிந்திருக்கக்கூடிய ஒரு சுற்றுநிருபத்தின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கிய செயல் இது. 1964இலே மாவட்ட நீதிபதி, அரசகரும மொழிச் சட்டம் யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனக் கொண்டு அவர்பக்கம் தீர்ப்பளித்தார். அரசு மேன்முறையிட்டது. 1967இலே உயர் நீதிமன்றம் மொழிவினாவைத் தொடாமலே, முடிக்குரிய ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட முடியாது என்று கூறித் தீர்ப்பை மாற்றியது.

வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1969 டிசம்பரிலே அக்கழகத்தின் நீதிபதிகள், இலங்கைச் சட்டத்தின்படி அரசாங்க ஊழியர் தாம் உழைத்த சம்பளத்துக்காக வழக்காடலாம் எனத் தீர்த்தனர். மொழிச் சட்டம் செல்லுமா என்னும் பெரிய வினாவை, முதலில் இலங்கை உயர் நீதிமன்றமே ஆராயவேண்டுமெனத் திருப்பியனுப்பினர். திரும்பிவந்த வழக்கு மேற்செல்லவில்லை. 1971இலே கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் உரிமை நீக்கப்பட்டது. 1972இலே குடியரசு யாப்பு நிறைவேறியதும் 29ஆம் பிரிவும் இல்லாதொழிந்தது. வடக்குக் கிழக்கு நிருவாகத்திலே தமிழைப் பயன்படுத்துதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்தும், அதற்குரிய ஒழுங்குவிதிகள் 1966 சனவரியிலேயே நிறைவேறின. தமிழும் அரசகரும மொழியாகும் என்னும் வாசகம் யாப்பிலே ஏறியது 1987இலே, பதின்மூன்றாம் திருத்தத்தினாலாகும். கோடீஸ்வரன் எழுப்பிய வினாவுக்கு இறுதியான விடையை எந்த நீதிமன்றமும் அளிக்கவில்லை. அரசாங்க ஊழியரின் சம்பளம் அருளாகக் கொடுப்பதன்று, வழக்காடிப் பெறத்தக்க கடன் என்னும் விதிக்கு மட்டும் சட்டநூல்கள் இன்றும் அவ்விலிகிதரின் பெயரையே சான்றாகக் காட்டுகின்றன.